இளைய தலைமுறையிடம் கேட்கத் தயங்கும் கேள்விகள்

எச்.ஐ.வி. தொற்றுக்குள்ளானவர்கள் என இலங்கையில் 2018 ஆம் ஆண்டில் புதிதாக இனங்காணப்பட்டவர்களின் தொகை 350 ஆகும். 2022 ஆம் ஆண்டில் இத்தொகை 607 ஆக உயர்ந்தது. 2023 இல் அது ஏறத்தாழ 700 ஐ எட்டியது. பரிசோதனைகள் அதிகரித்தமையும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், புதிதாக இனங்காணப்படுவோர் மத்தியில் இளம் ஆண்களின் தொகை அதிகரித்துச் செல்வதாகத் தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் அதிகாரிகள் தொடர்ச்சியாக எச்சரித்து வருகின்றனர்.

இந்த எண்ணிக்கைகளை வைத்துக்கொண்டு எவரும் பீதியடைய வேண்டியதில்லை. வயது வந்தோரில் ஆயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவானோரே தொற்றுக்குள்ளாகியிருக்கும் நாடுகளின் வரிசையில்தான் இலங்கை இருக்கின்றது. அதுமட்டுமன்றி, தாயிடமிருந்து சிசுவுக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019 டிசெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கர்ப்பிணித் தாய்மார் அனைவரையும் இரத்தப் பரிசோதனைக்கு உட்படுத்தக்கூடிய அளவுக்கு எமது நாட்டின் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு வலுவானதாக இருந்ததாலேயே இச்சாதனை சாத்தியமாயிற்று. குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாகச் சென்று ஆற்றிய பணிக்கு இதில் பெரும் பங்குண்டு.

எனவே, இங்கு எழுகின்ற கேள்வி வைத்திய வசதி பற்றியதல்ல. பிறக்கப்போகும் குழந்தையைப் பாதுகாக்கும் அளவுக்கு ஆற்றல் பெற்ற ஒரு சுகாதார சேவை, பதினெட்டு அல்லது இருபது வயதுடைய ஓர் இளைஞனிடமோ யுவதியிடமோ உரிய தகவலை உரிய காலத்தில் கொண்டு சேர்க்க முடியாமல் இருப்பது ஏன் என்பதே கேள்வியாகும்.

இளைஞர்களின் அறிவு நிலை குறித்து எம்மிடமிருக்கும் முக்கிய தேசிய மட்டச் சான்றுகளில் ஒன்று 2012-2013 காலப்பகுதியில் நடத்தப்பட்ட தேசிய இளைஞர் சுகாதார ஆய்வாகும். இளைஞர், யுவதிகளில் அரைவாசிக்கும் அதிகமானோர் பாலியல் மற்றும் இனப்பெருக்க சுகாதாரம் பற்றி மட்டுப்படுத்தப்பட்ட அறிவையே கொண்டிருந்தனர் என்பது அந்த ஆய்வு வெளிப்படுத்திய உண்மையாகும். எழுத்தறிவில் தெற்காசியாவுக்கே முன்மாதிரி என்று நாம் பெருமை பேசிக்கொள்ளும் ஒரு நாட்டில் இது சாதாரணமான விடயமல்ல. அந்த ஆய்வு நடத்தப்பட்டு ஒரு தசாப்தத்துக்கும் அதிகமான காலம் கடந்துவிட்டது. அன்று பதினைந்து வயதில் விடையளித்த ஒருவர் இன்று முப்பதை நெருங்கிக்கொண்டிருக்கின்றார். இன்றைய இளைஞர்களோ அன்று ஆரம்பப் பாடசாலைச் சிறுவர்களாக இருந்தவர்கள். கையடக்கத் தொலைபேசியும் அதனூடாக வந்து சேரும் காட்சிகளும் அவர்களது வளரிளம் பருவத்தை முற்றிலும் வேறொன்றாக மாற்றிவிட்டன. பழைய கணிப்பீட்டை வைத்துக்கொண்டு இவர்களுக்கான கொள்கையை வகுக்க முற்படுவது பொருத்தமாகாது.

விழிப்புணர்வு என்ற சொல் எமது நாட்டில் மிக இலகுவாகப் பயன்படுத்தப்படுகின்றது. டிசெம்பர் முதலாம் திகதி உலக எயிட்ஸ் தினத்தன்று ஊர்வலங்கள் நடத்தப்படுகின்றன, சுவரொட்டிகள் ஒட்டப்படுகின்றன. எயிட்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டால் பெரும்பாலானோர் ஆம் என்றே பதிலளிப்பர். ஆனால், சுகாதார ஆய்வாளர்கள் முழுமையான அறிவு என்று கருதுவது இதனையன்று. ஆணுறையை முறையாகப் பயன்படுத்துவதும், தொற்றற்ற ஒரே துணையுடன் மாத்திரம் உறவைப் பேணுவதும் ஆபத்தைக் குறைக்கும் என்பதை அறிந்திருத்தல், ஆரோக்கியமாகத் தோற்றமளிக்கும் ஒருவரும் தொற்றுடையவராக இருக்கலாம் என்பதை விளங்கிக்கொண்டிருத்தல், நுளம்புக் கடியால் பரவும் என்பது போன்ற இரண்டு பொதுவான தவறான நம்பிக்கைகளை நிராகரித்தல் ஆகிய ஐந்தையும் ஒருசேரப் பெற்றிருப்பவரையே முழுமையான அறிவுடையவர் என சர்வதேச ஆய்வுகள் வரையறை செய்கின்றன. பெயரைக் கேள்விப்பட்டோருக்கும் இந்த ஐந்தையும் அறிந்தோருக்கும் இடையிலான இடைவெளி உலகின் பல நாடுகளிலும் பெரிதாகவே காணப்படுகின்றது.

எச்.ஐ.வி. பற்றியாவது சுவரொட்டிகள் பேசுகின்றன. ஏனைய பாலியல் தொற்றுக்கள் பற்றிப் பேசுவார் இல்லை. 15 முதல் 49 வயதுக்கிடைப்பட்டோர் மத்தியில் கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைகோமோனியாசிஸ் ஆகிய நான்கு நோய்களால் மாத்திரம் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் 37 கோடியே 40 இலட்சம் புதிய தொற்றுக்கள் ஏற்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருந்தது. இந்நான்கும் குணப்படுத்தக்கூடியவை. ஆனால் பெரும்பாலான தொற்றுக்கள் வெளிப்படையான அறிகுறிகள் எதனையும் காட்டுவதில்லை. அறிகுறி இல்லாததால் நோயில்லை என்று எண்ணிச் சிகிச்சை பெறாதிருக்கும் ஒரு பெண் சில வருடங்களின் பின்னர் பிள்ளைப்பேறின்மையால் துன்புறும்போது, அதன் காரணத்தை அவளோ அவளை மலடி என்று தூற்றும் உறவினரோ அறியமாட்டார்கள்.

இனி, இந்த ஆய்வுகள் யாரிடம் நடத்தப்பட்டன என்பதைத் தமிழ் பேசும் மக்களாகிய நாம் கவனத்தில் எடுக்க வேண்டியவர்களாக உள்ளோம். நாட்டின் குடும்ப நலன், கருவளம், கருத்தடை முறைகள் பற்றிய அடிப்படைத் தரவுகளைத் தருவது குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வாகும். 1987 இல் ஆரம்பித்து நடத்தப்பட்ட இந்த ஆய்வுகளில் யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் முழுமையாகவோ பகுதியாகவோ விலக்கப்பட்டிருந்தன. 2006-2007 ஆய்விலும் வட மாகாணம் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. 2016 ஆம் ஆண்டு ஆய்வே நாட்டின் எல்லா மாவட்டங்களையும் உள்ளடக்கிய முதலாவது ஆய்வாக அமைந்தது. அதாவது, இடம்பெயர்ந்து, முகாம்களில் வாழ்ந்து, பாடசாலையை இடைநடுவில் கைவிட்டு வளர்ந்த ஒரு தலைமுறை முழுவதும் தேசியக் கணிப்பீடுகளின் பார்வைக்கு வெளியே வளர்ந்து முடிந்துவிட்டது. இறுதி யுத்த காலத்தில் ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக அவசர அவசரமாக நடத்திவைக்கப்பட்ட இளவயதுத் திருமணங்களின் சுகாதார விளைவுகள் எவை என்பதை விளக்கக்கூடிய முழுமையான புள்ளிவிபரங்கள் இல்லாமைக்கு இதுவே காரணமாகும்.

யுத்தத்தால் விடுபட்டவர்கள் மட்டுமே விடுபட்டவர்கள் என்று கூறிவிட முடியாது. இளைஞர்களின் பாலியல் சுகாதார அறிவு பற்றி நடத்தப்படும் சிறு ஆய்வுகளைப் பொறுத்தவரையில், பல்கலைக்கழக மாணவர்களும் பாடசாலை மாணவர்களுமே ஆய்வாளர்களுக்கு இலகுவில் கிடைக்கின்றனர். விரிவுரை மண்டபத்தில் வினாக்கொத்தை விநியோகித்து அரை மணித்தியாலத்தில் சேகரித்துக்கொள்ளலாம். ஆனால் பல்கலைக்கழக அனுமதி பெறுவோர் எமது இளைஞர்களில் ஒரு சிறு பகுதியினரே. க.பொ.த. சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் மலையக இளைஞன், கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் தொழில் புரிந்து விடுதி அறையில் தங்கியிருக்கும் யுவதி, பருவகாலத்துக்கு ஏற்ப வாடி மாறும் மீனவ இளைஞன், மத்திய கிழக்குக்குச் சென்று திரும்பும் கிழக்கிலங்கைத் தொழிலாளி ஆகியோரே அதிகம் கேட்கப்பட வேண்டியவர்கள். அவர்களிடம் கேட்கப்படுவதுதான் குறைவு.

மொழிப் பிரச்சினையும் இதனுடன் சேர்ந்து கொள்கின்றது. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ தயாரிக்கப்பட்ட வினாக்கொத்தை இறுதி நேரத்தில் தமிழாக்கம் செய்யும்போது, பாலியல் என்ற ஒரே சொல்லைக்கொண்டு பால்நிலை, பாலுறவு, பாலியல்பு ஆகிய வெவ்வேறு கருத்துகளைக் குறிக்கும் நிலை ஏற்படுகின்றது. பாடநூலில் உள்ள சொற்கள் பேச்சு வழக்கில் இல்லை. பேச்சு வழக்கிலுள்ள சொற்களோ பெரும்பாலும் வசைச் சொற்களாகவே இருக்கின்றன. குடும்பக் கட்டுப்பாடு என்றால் விளங்கிக்கொள்ளும் ஒரு பெண்ணுக்குக் கருத்தடைச் சாதனம் என்று எழுதப்பட்டிருப்பது விளங்காமல் போகலாம். அவள் தெரியாது என்ற கூட்டில் அடையாளமிட்டால் அது அவளது அறியாமையா, வினாக்கொத்தின் குறைபாடா என்பதைப் பின்னர் எவரும் பிரித்தறிய முடியாது. தமிழில் சிந்தித்து, தமிழ் பேசும் மக்களிடம் முன்னோடிப் பரிசோதனை செய்து தயாரிக்கப்படும் வினாக்கொத்தே சரியான விடையைத் தரும்.

கேட்கும் முறையும் விடையை மாற்றிவிடும். 1998 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. 15 முதல் 19 வயது வரையான ஆண்களில் ஒரு பகுதியினர் கடதாசியில் விடையெழுதினர். மற்றொரு பகுதியினர் கேள்விகளைச் செவிப்பன்னியில் கேட்டுக் கணினியில் தனிமையில் விடையளித்தனர். பிறர் அறிந்தால் அவமானம் எனக் கருதப்படும் நடத்தைகளைக் கணினி மூலம் ஒப்புக்கொண்டோரின் வீதம் சில விடயங்களில் பல மடங்கு அதிகமாக இருந்தது. அமெரிக்க இளைஞனே கடதாசியில் எழுதத் தயங்கினான் எனில், ஆசிரியரோ ஊரறிந்த சுகாதார உத்தியோகத்தரோ அருகில் நிற்கையில் எமது பிள்ளைகள் எதனை எழுதுவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. திருமணமாகாத பெண்ணிடம் இத்தகைய கேள்விகளைக் கேட்பதே தகாது எனக் கருதி, சில ஆய்வுகளில் அவர்களைத் தவிர்த்துவிடும் வழக்கமும் இருந்து வந்துள்ளது.

கேட்பதற்கு அஞ்சுவது எமது நாட்டுக்கு மாத்திரம் உரிய பலவீனமல்ல. பிரித்தானியாவில் எயிட்ஸ் அச்சம் உச்சத்திலிருந்த வேளையில், மக்களின் பாலியல் நடத்தை பற்றிய தேசிய ஆய்வொன்றுக்கு நிதி வழங்க மார்கிரட் தட்சர் தலைமையிலான அரசாங்கம் 1989 இல் மறுத்துவிட்டது. வெல்கம் அறக்கட்டளை நிதி வழங்க முன்வந்ததால் 1990-1991 இல் அந்த ஆய்வு நடத்தப்பட்டு, ஏறத்தாழ 19 ஆயிரம் பேரிடம் தகவல் பெறப்பட்டது. அதன் பின்னர் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை என்ற அளவில் அது மீள நடத்தப்படுகின்றது. இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டோர் கருத்தரிக்கும் வீதம் 1998 க்குப் பிந்திய இரு தசாப்தங்களில் பாதிக்கும் அதிகமாகக் குறைந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆய்வு ஒன்றே அதனைச் சாதித்தது என்று கூறுவது மிகையாகும். ஆனால், எங்கே எந்த வயதினருக்கு எந்தச் சேவை தேவை என்பதை அறிந்து செயற்படுவதற்கு அந்நாட்டு அதிகாரிகளிடம் நம்பகமான தரவுகள் இருந்தன என்பதே நாம் கருத்தில்கொள்ள வேண்டியதாகும்.

பாடசாலைகளின் நிலையை நோக்குவோம். சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் இனப்பெருக்க சுகாதாரம் இடம்பெறவில்லை என்று கூற முடியாது. ஆனால் அந்தப் பாடம் சாதாரண தரத்துக்கு வரும்போது கட்டாய பாடமாக இல்லாமல் தெரிவுப் பாடமாகிவிடுகின்றது. மனித உடலின் தொகுதிகள் பற்றி விஞ்ஞானப் பாடம் கற்பிக்கின்றது. குறித்த அத்தியாயம் வந்ததும் வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று கூறிவிட்டு அடுத்த அலகுக்குத் தாவும் ஆசிரியர்களை எமது சமூகம் நன்கறியும். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. எவ்வாறு கற்பிப்பது என்ற பயிற்சி அவர்களுக்கு வழங்கப்படவில்லை. பெற்றோர் அதிபரிடம் முறையிட்டால் தமக்குத் துணை நிற்பார் யார் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு.

அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல என்பதற்கு ஏழாம் தர மாணவர்களுக்கெனச் சிங்களத்தில் தயாரிக்கப்பட்ட 'ஹத்தே அபே பொத்த' என்ற நூலுக்கு நேர்ந்த கதி சான்றாகும். வளரிளம் பருவ மாற்றங்களையும் துஷ்பிரயோகத்திலிருந்து தற்காத்துக்கொள்வதையும் விளக்க முற்பட்ட அந்நூல், பௌத்த பிக்குகள் சிலர் உள்ளிட்ட தரப்பினரின் எதிர்ப்பினால் 2020 இல் கைவிடப்பட்டது. நூலில் குறைகள் இருந்திருப்பின் அவற்றைத் திருத்தியிருக்கலாம். குறையைத் திருத்துவதற்குப் பதிலாக விடயத்தையே கைவிடுவது எமது நாட்டு அரசியலுக்குப் பழகிப்போன வழியாகும்.

இவ்வாறு கற்பித்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற பெற்றோரின் கவலையை ஏளனம் செய்வது எமது நோக்கமல்ல. அது தம் பிள்ளைகள் மீதான அக்கறையில் பிறந்த கவலையாகும். ஆனால் அதற்கான விடை ஊகத்தில் அல்ல, ஆய்விலேயே தங்கியுள்ளது. யுனெஸ்கோ 2009 இல் வெளியிட்டு 2018 இல் திருத்தியமைத்த சர்வதேச வழிகாட்டலுக்கு அடிப்படையாக 22 முறைசார் மீளாய்வுகளும் 77 கட்டுப்படுத்தப்பட்ட பரிசோதனை ஆய்வுகளும் பரிசீலிக்கப்பட்டன. இத்தகைய கல்வி பாலியல் நடத்தையையோ ஆபத்தான நடத்தையையோ அதிகரிக்கச் செய்வதில்லை என்பதே அந்த ஆய்வுகளிலிருந்து பெறப்பட்ட முடிவாகும். அதேவேளை, எதுவும் செய்யாதே என்று மாத்திரம் போதிக்கும் நிகழ்ச்சிகள் முதலாவது பாலுறவைத் தாமதப்படுத்துவதில் வெற்றிபெறவில்லை என்பதும் தெரியவந்தது. வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டும் என்பது இதன் பொருளல்ல. எந்த வயதில் எதனை எவ்வாறு சொல்வது என்பதை எமது ஆசிரியர்களும் வைத்தியர்களும் பெற்றோரும் மதப் பெரியார்களும் கூடித் தீர்மானிக்க முடியும். சொல்வதா இல்லையா என்பது விவாதத்துக்குரிய விடயமாக இனியும் இருத்தலாகாது.

இது எமது பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று கூறுவோர் சற்று உட்புறமாகவும் நோக்க வேண்டும். பெண்பிள்ளை பருவமெய்தியதைத் தமிழ்ச் சமூகம் மறைப்பதில்லை. அழைப்பிதழ் அச்சிட்டு, மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்துச் சாமத்தியச் சடங்கு நடத்தி ஊருக்கே அறிவிக்கின்றது. ஆனால், அலங்கரிக்கப்பட்டு மணவறையில் அமர்த்தப்பட்டிருக்கும் அந்தச் சிறுமிக்கு அவளது உடலில் நிகழ்ந்தது என்ன என்பதை விளக்கிச் சொன்னவர் யார்? ஊருக்குச் சொல்ல வெட்கப்படாத நாம் பிள்ளைக்குச் சொல்ல வெட்கப்படுகின்றோம். முஸ்லிம் சமூகத்தைப் பொறுத்தவரை, பாலிக் வயதை அடைதல், மாதவிடாய்க் காலத்தின் சட்டங்கள், கடமையான குளிப்பு ஆகியவற்றை மார்க்கக் கல்வி எந்தவித ஒளிவுமறைவுமின்றிக் கற்பிக்கின்றது. உடல் பற்றிய அறிவு வணக்கத்தின் நிபந்தனையாகவே அங்கு கருதப்படுகின்றது. ஆகவே, பேசுவதற்கான மொழியும் மரபும் இரு சமூகங்களிடமும் உண்டு. நோய், தொற்று, பாதுகாப்பு, சம்மதம் ஆகியவற்றுக்கு அம்மரபை விரிவுபடுத்துவதே இன்றைய தேவையாகும்.

இந்த அறியாமைக்கு நாம் செலுத்தும் விலை நோய்கள் மாத்திரமல்ல. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் உணவுடன் மலட்டுத்தன்மையை ஏற்படுத்தும் மருந்து கலக்கப்பட்டதாகக் கதை கட்டப்பட்டது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் காணப்பட்டது மாக்கட்டியே என அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் உறுதிப்படுத்தியது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கக்கூடிய மாத்திரை எதுவும் உலகில் இல்லை. கருத்தரித்தல் எவ்வாறு நிகழ்கின்றது, கருத்தடை மாத்திரை எவ்வாறு செயற்படுகின்றது என்ற அடிப்படை அறிவு பாடசாலையிலேயே ஊட்டப்பட்டிருந்தால் இப்படியொரு கதையை நம்புவோர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

அடுத்த ஆண்டில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தொடர்ந்து, குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாஃபி சிஹாப்தீன் சிங்களத் தாய்மாரை இரகசியமாகக் கருத்தடைக்கு உட்படுத்தினார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு 2019 மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலையில் அவர் பிணையில் விடுவிக்கப்பட்டார். 2022 இல் தமக்கு வழங்கப்பட்ட நிலுவைச் சம்பளத்தை, நாடு மருந்துத் தட்டுப்பாட்டால் தவித்துக்கொண்டிருந்த வேளையில், அத்தியாவசிய மருந்துக் கொள்வனவுக்கே அவர் கையளித்தார். மயக்கமருந்து வைத்தியரும் தாதியரும் சூழ நிற்கும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு எவருமறியாமல் அவ்வாறு செய்ய முடியாது என்பதை உணர்வதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. இனவாதமே இந்தக் கதைகளை உற்பத்தி செய்தது. ஆனால் அவை பரவுவதற்கான நிலத்தைப் பண்படுத்திக் கொடுத்தது உடல் பற்றிய அறியாமையாகும். பெரும்பான்மைச் சமூகத்தின் அறியாமை சிறுபான்மையினரின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரிக்கும் நெருப்பாக மாறலாம் என்பதை நாம் கண்கூடாகக் கண்டுவிட்டோம். இக்கல்வி எல்லா மொழி மாணவர்களுக்கும் வேண்டும் என்று நாம் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இளவயதுத் திருமணங்கள் பற்றியும் இவ்விடத்தில் பேசாமல் விட முடியாது. நாட்டின் பொதுச் சட்டம் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் திருமண வயதை 18 ஆக உயர்த்தியது. தண்டனைச் சட்டக்கோவையில் பாலுறவுக்கான சம்மத வயது 16 ஆகும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையோ அவற்றை மீறுவதன் விளைவையோ அறியாத நிலையில், பதினைந்து வயதுக் காதலியுடன் ஓடிச் செல்லும் இளைஞன் தான் பாரதூரமான குற்றமொன்றைப் புரிவதை உணர்வதில்லை. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ, 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் விவாகத்துக்குக் காதியின் அனுமதி தேவை எனக் கூறியதேயன்றி, குறைந்தபட்ச வயதெல்லை ஒன்றை விதிக்கவில்லை. இச்சட்டத்தின் திருத்தம் குறித்து 2009 இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018 இலேயே அறிக்கை சமர்ப்பித்தது. அக்குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு நிலவியது. மார்க்க அறிஞர்களுக்கும் பெண்கள் அமைப்புகளுக்கும் இடையிலான அந்த விவாதத்தில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வளர்ச்சி முற்றுப்பெறாத உடலில் ஏற்படும் கர்ப்பம் தாய்க்கும் சிசுவுக்கும் அதிக ஆபத்தைக் கொண்டது என்ற மருத்துவ உண்மை எல்லாத் தரப்பினருக்கும் பொதுவானதாகும் என்பதை மாத்திரம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

இலங்கையில் சிறுவர் திருமணம் பற்றி யுனிசெப் 2013 இல் வெளியிட்ட ஆய்வை எழுதியவர்கள் பேராசிரியை சாவித்திரி குணசேகரவும் கலாநிதி ஹரிணி அமரசூரியவும் ஆவர். அவர்களில் ஒருவரான ஹரிணி அமரசூரிய 2024 இல் நாட்டின் பிரதமராகவும் கல்வி அமைச்சராகவும் பொறுப்பேற்றார். ஆய்வாளராக இருந்து பிரச்சினையை நேரில் அறிந்த ஒருவர் கல்வி அமைச்சில் அமர்வது எமது நாட்டில் அரிதாகவே நிகழும். அந்த அறிவு வகுப்பறைக்கு வந்து சேர வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமானதே.

பாலியல் சுகாதார அறியாமை திருமணமாகாத இளைஞர்களின் பிரச்சினை மாத்திரமே என்ற எண்ணமும் தவறானதாகும். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெந்தக் காரணத்துக்காகவும் கருக்கலைப்பை அனுமதிக்கவில்லை. ஆயினும், நாளொன்றுக்கு 650 க்கும் அதிகமான சட்டவிரோதக் கருக்கலைப்புகள் இடம்பெறுவதாக 1990 களின் இறுதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்று மதிப்பிட்டது. கருக்கலைப்பை நாடுவோரில் பெரும்பான்மையினர் திருமணமான பெண்கள் என்பதையும் இத்துறையில் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டின. ஒழுக்கம் தவறிய யுவதிகள் பற்றியே பேசிப் பழகிய சமூகத்துக்கு இது எதிர்பாராத செய்தியாகும். திருமணப் பதிவின் முன்னர் கருத்தடை முறைகள் பற்றி ஒரு மணித்தியாலம் விளக்கம் பெற்றிருந்தால், இவர்களில் பலர் உயிராபத்து மிக்க அந்த இடங்களை நாடிச் சென்றிருக்கமாட்டார்கள்.

முயன்றால் முடியும் என்பதற்கும் எமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் ஆறாம் தர மாணவிகளுக்குப் பாடசாலைகளிலேயே வழங்கப்பட்டு வருகின்றது. பாலுறவின் மூலம் பரவும் வைரசுக்கு எதிரான தடுப்பூசியாயினும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் ஒத்துழைத்ததால் அது தேசிய நிகழ்ச்சித்திட்டத்தில் நிலைபெற்றுவிட்டது. ஊசியைக் கொண்டு செல்ல முடிந்த அதே வகுப்பறைக்கு அது எதற்காக ஏற்றப்படுகின்றது என்ற விளக்கத்தையும் கொண்டு செல்ல முடியும் அல்லவா?

சேவைகள் இல்லாமலில்லை. பாலியல் நோய் சிகிச்சை நிலையங்கள் மாவட்டங்கள் தோறும் அரச வைத்தியசாலைகளுடன் இணைந்ததாக இயங்குகின்றன. அங்கு பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்; இரகசியம் பேணப்படுகின்றது. குடும்ப சுகாதாரப் பணியகத்தின் கீழ் 'யௌவன பியச' என்ற பெயரில் இளைஞர் நேய சுகாதார நிலையங்களும் அமைக்கப்பட்டுள்ளன. அந்தச் சிங்களப் பெயரே தமிழ் இளைஞன் ஒருவனுக்கு அங்கு என்ன கிடைக்கும் என்பதை உணர்த்தாது. வாசலில் நின்றால் ஊரார் காண்பர் என்ற அச்சமும், உள்ளே சென்றால் தன் மொழியில் பேசுவார் உண்டா என்ற ஐயமும் அவனைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அவன் இறுதியில் நண்பனிடமோ கையடக்கத் தொலைபேசியிடமோ விடை தேடுகின்றான்.

ஆகவே, செய்ய வேண்டியவை தெளிவானவை. 2012-2013 ஆய்வுக்குப் பின்னரான தலைமுறையை உள்ளடக்கிய புதிய தேசிய இளைஞர் சுகாதார ஆய்வொன்று தாமதமின்றி நடத்தப்படுதல் வேண்டும். பாடசாலையை விட்டு விலகியோர், தோட்டப்புற இளைஞர், வர்த்தக வலயத் தொழிலாளர் ஆகியோருக்கு அதில் உரிய இடம் ஒதுக்கப்பட வேண்டும். தமிழ் வினாக்கொத்து மொழிபெயர்ப்பாக அன்றித் தமிழிலேயே உருவாக்கப்பட வேண்டும். 1978 இல் ஆரம்பிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும், கிழக்குப் பல்கலைக்கழகமும், தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இப்பணியில் முன்னின்று உழைக்க முடியும். பட்ட மேற்படிப்பு ஆய்வேடுகளில் கண்டறியப்பட்டவை நூலக அலுமாரிகளில் உறங்காமல், மாவட்ட ரீதியாகத் தமிழில் சுருக்கி வெளியிடப்பட வேண்டும். ஆசிரியர் கலாசாலைகளில் இப்பாடத்தைக் கற்பிக்கும் முறை பயிற்றுவிக்கப்பட வேண்டும். ஆலயங்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் திருமணத்துக்கு முன்னரான ஆலோசனையில் சுகாதார வைத்திய அதிகாரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்திரிகைகளுக்கும் இதில் கடமை உண்டு. துஷ்பிரயோகச் செய்திகளைப் பரபரப்புத் தலைப்புகளுடன் பிரசுரிப்பதைக் காட்டிலும், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளின் மனதில் பதியவைப்பது சமூகத்துக்குப் பயனுடையதாகும்.

எமது பிள்ளைகள் இவற்றைப் பற்றி அறியாமல் வளர்கின்றார்கள் என்று எண்ணுவது பெற்றோரின் கற்பனையாகும். அவர்கள் அறிந்துகொண்டுதான் இருக்கின்றார்கள். யாரிடமிருந்து, எவ்வளவு பிழையாக அறிந்துகொள்கின்றார்கள் என்பது மாத்திரமே எமக்குத் தெரியாதிருக்கின்றது. அதனைத் தெரிந்துகொள்வதற்கு அவர்களிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கேட்க வேண்டிய பொறுப்பு சுகாதார அமைச்சுக்கும் கல்வி அமைச்சுக்கும் உண்டு. அவ்வாறு கேட்கப்படும்போது, எங்கள் பிள்ளைகளிடமா இதனைக் கேட்கிறீர்கள் என்று சீறியெழாமல் இடம்விட்டு நிற்கும் பொறுப்பு எங்கள் எல்லோருக்கும் உண்டு.